மூலைமட்டமும் மாப்பிள்ளையின் ஏழு காரணங்களும்

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பாப்பாவும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலம் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னீர்கள். அதற்குள் மாறியிருக்காது என்று நம்புகிறேன். போனிலேயே பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டதும் எனக்கு "சரி மாப்பிள்ளை" என்ற இரண்டு சொற்களைத் தவிர மற்றவை மறந்துவிடுகின்றன. போன தடவை பதினோரு முறை சொன்னேனாம். பாப்பா எண்ணியிருக்கிறாள்.

விஷயம் பாப்பாவின் பள்ளிப் படிவம். அறிவியல் பிரிவா, தொழிற்பிரிவா என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டு இருபதாம் தேதிக்குள் தர வேண்டும். நீங்கள் இருவரும் வேலை நிமித்தம் வெளியூரில் இருப்பதால் கையெழுத்து என்னுடையது, முடிவு உங்களுடையது. அறிவியல்தான் என்று ஏழு காரணங்கள் எழுதி அனுப்பினீர்கள். ஏழையும் பிரதி எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். எதிலும் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. பாப்பா மட்டும் ஒரே ஒரு முறை, ஷூ லேஸ் கட்டிக்கொண்டே, "தாத்தா, எனக்கு பட்டறைதான் வேணும். அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள். நான் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

திங்கட்கிழமை அறிவியலில் டிக் போடும் எண்ணத்தோடுதான் பள்ளிக்குப் போனேன், இதை நீங்கள் நம்ப வேண்டும். அங்கே இரண்டு வரிசை. ஒன்று நீளம், ஒன்று குட்டை. எல்லாரும் அறிவியலுக்குத்தான் வருவார்கள் என்று கணக்குப் போட்டு நீளமானதில் நின்றேன். முன்னால் நின்றவர் பஸ் டிரைவர். "இது படிவம் குடுக்கிற வரிசைதானே?" என்று கேட்டேன். "ஆமாங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. முக்கால் மணி நேரம் நகர்ந்து போய்ச் சேர்ந்தால் ஒரு அம்மா என் கழுத்தில் தோல் ஏப்ரன் ஒன்றை மாட்டிவிட்டார். அவர்தான் பட்டறை டீச்சர். ஆள் என் தோள் உயரம். குரல் கப்பல் சங்கு மாதிரி. தொழிற்பிரிவுக்குக் கையெழுத்துப் போட வருகிற பெரியவர்கள் முதலில் ஒரு மணி நேரம் பிள்ளையின் இடத்தில் நின்று வேலை செய்ய வேண்டும், அது அந்தப் பட்டறையின் வழக்கமாம். "மூணு மாசம் கழிச்சு எம்புள்ளைக்குக் கை வலிக்குதுன்னு வந்து நிக்கிறாங்க. அந்த வலி என்னன்னு முதல்லயே தெரிஞ்சுக்கங்க" என்றார். வரிசை மாறி நின்றுவிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "என்ன பெரியவரே?" என்றார். "சரிம்மா" என்று வந்துவிட்டது.

உள்ளங்கை அளவு இரும்புத் துண்டு ஒன்றை மேசையில் பொருத்திய இடுக்கியில் இறுக்கி, கையில் அரத்தைக் கொடுத்து, ஒரு பக்கத்தைச் சமமாக ராவி, அடுத்த பக்கத்துக்குச் செங்கோணமாக்கச் சொன்னார்கள். வகுப்பிலிருந்து பிள்ளைகளையும் கூப்பிட்டிருந்தார்கள்; பக்கத்து இடுக்கியில் பாப்பாவும் அதே வேலையில். மாப்பிள்ளை, பாடநூல் அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் மெய்ப்புப் பார்த்தவன் நான். இயற்பியல் புத்தகத்தின் ஒன்பது பதிப்புகள் என் கண்ணைத் தாண்டித்தான் போயின. செங்கோணம் தொண்ணூறு பாகை என்பதை ஆயிரம் தடவையாவது சரிபார்த்து டிக் போட்டிருக்கிறேன். அதை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அரத்தை முன்னால் தள்ளும்போது அழுத்தணும், பின்னால வரும்போது தூக்கணும், நான் ரெண்டையும் மாத்தி மாத்திப் பண்ணினேன், எதிர்ப்பக்கத்து டிரைவர் "சார், இரும்புக்கு மசாஜா பண்றீங்க?" என்று கேட்டார், அவருடைய மகன் சிரித்தான், எனக்கும் சிரிப்பு வந்தது, அந்த நேரத்தில் அரம் வழுக்கி என் சட்டைப் பொத்தான் ஒன்று பறந்தது. ஒரு மணி நேரம் கழித்து என் துண்டின் மேல் செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை வைத்து டீச்சர் ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். நடுவில் மேடு, இரண்டு ஓரமும் சரிவு. அந்த இடைவெளியில் மைதானம் தெரிந்தது. "முதல் தடவைக்குப் பரவாயில்ல" என்றார். அப்படிச் சொல்லும் முகம் எனக்குப் பழக்கமான முகம். மோசமான எழுத்தாளர்களிடம் நானும் அப்படித்தான் சொல்வேன்.

பிறகு பக்கத்து இடுக்கியில் பாப்பா செய்ததை எடுத்தார். ஜன்னல் முழுக்க வெயில். மூலைமட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. மயிரிழை வெளிச்சம்கூட இல்லை. திருப்பி வைத்தார், இல்லை. குறுக்காக வைத்தார், இல்லை. டிரைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். டீச்சர் துண்டை மேசையில் சத்தம் வராமல் வைத்தார். காலையில் நான்தான் அந்தப் பெண்ணுக்கு நகம் வெட்டச் சொல்லித் திட்டினேன். அந்த விரல்களா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"எப்படிம்மா செஞ்ச?" என்று கேட்டேன்.

"சத்தம் மாறும் தாத்தா. மாறினதும் நிறுத்திடணும். இப்ப கேளுங்க." வேறொரு துண்டில் நாலு இழுப்பு இழுத்தாள். "கேட்டுச்சா?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது என்று சொல்லிவிட்டேன்.

இயற்பியலில் அவள் தொண்ணூற்று நாலு வாங்குகிறாள் என்பதையும் அறிவேன். உங்கள் ஏழு காரணங்களில் எதையும் மறுக்கும் துணிவு எனக்கு இல்லை. "கையில் எண்ணெய் படும் வேலை நம் குடும்பத்தில் யாரும் செய்ததில்லை" என்ற ஆறாவதை மட்டும் மறுபடி யோசிக்கலாமோ என்று தோன்றுகிறது. ஒருவேளை அதனால்தான் நம் வீட்டில் ஒரு கதவும் சரியாகச் சாத்துவதில்லையோ என்னவோ.

ஆகவே ஒரு வேண்டுகோள். பாப்பா செய்த துண்டையும் ஒரு மூலைமட்டத்தையும் தனிப் பார்சலில் அனுப்புகிறேன். ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் நானே அறிவியலில் டிக் போடுகிறேன், பாப்பாவும் அதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறாள். அன்று டிக் போடாமலே திருப்பிக் கொண்டுவந்த படிவம், உங்கள் பதில் வரும்வரை மேசையை விட்டு நகராது. உங்கள் முடிவே முடிவு.

உங்கள் இருவருக்கும் என் ஆசிகள். மகள் வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லவும். எழுத்து கோணலாக இருப்பது அரம் பிடித்ததால். பயத்தால் அல்ல, பெரும்பாலும்.

பணிவன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை எழுதி மூன்று நாளாகிவிட்டது. இன்று காலை பார்சலை அனுப்பிவிட்டு வந்து, பொத்தான் இல்லாத சட்டையைத் தோய்க்க எடுத்தால், பையில் ஒரு இரும்புத் துண்டு. மூலையில் மூன்று புள்ளி குத்தியிருக்கிறது. அது பாப்பா தன் துண்டில் போடும் அடையாளம். ஆகவே உங்களுக்கு வருவது என்னுடையது. முப்பத்திரண்டு வருடம் அடுத்தவர் பிழையைப் பிடித்தவன் செய்த காரியம் இது. வெளிச்சம் தெரியும், மாப்பிள்ளை, நிறையவே தெரியும். பாப்பாவிடம் சொன்னேன். அழவில்லை. "பரவால்ல தாத்தா, சொன்னா சொன்னதுதான்" என்று உயிரியல் புத்தகத்துக்கு அட்டை போட உட்கார்ந்தாள். போட்டு முடித்த அட்டையின் நான்கு மூலைகளும் செங்கோணமாக இருந்தன. நான் வேறு சட்டை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய், இந்தத் தடவை வேண்டுமென்றே நீள வரிசையில் நின்று, தொழிற்பிரிவில் டிக் போட்டுக் கொடுத்துவிட்டேன். பேனாவில்தான். மேலே "உங்கள் முடிவே முடிவு" என்று இருப்பதை நீக்கிவிட்டுப் படிக்கவும். ஞாயிற்றுக்கிழமை போனில் நான் "சரி மாப்பிள்ளை" என்று சொன்னால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை என்று கொள்ளவும்.