செல்வராஜ் அண்ணனுக்கு நான் பெண் பார்த்தது

கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் உள்ள ஒருவருக்கு நான் பெண் பார்த்திருக்கிறேன். அதுவும் ஆபீஸ் நேரத்தில், சம்பளம் வாங்கிக்கொண்டு.

அப்போதுதான் எம்.பி.ஏ. முடித்துவிட்டு, அரியமங்கலத்தில் ஓர் இரும்புப் பட்டறையில் ஆள் எடுக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டியில் போய் வருவேன். பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. முதலாளி காதர் பாய் என்னைக் கூப்பிட்டு, பத்து நாளில் எட்டு வெல்டர் வேண்டும், கிடைக்காவிட்டால் ஆர்டரும் போகும், உங்க வேலையும் போகும் என்றார். (சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் எனக்குப் பயம்.)

கேட்டில் ஒரு போர்டு மாட்டினால் போதும் என்பது அவர் யோசனை. எனக்கு ஒரே இளக்காரம். நான் யார், மார்க்கெட்டிங் வீடியோவாகப் பார்த்துத் தள்ளியவள் ஆயிற்றே! வேலையை விற்காதே, மனிதரைக் காட்டு. விஷயத்தை உடனே சொல்லாதே, ஆர்வத்தைத் தூண்டு. இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

பட்டறையின் மூத்த வெல்டர் செல்வராஜ் அண்ணன், ஜீயபுரத்துக்காரர். அவரை இஸ்திரி போட்ட சட்டையில் நிற்க வைத்துப் படம் எடுத்தேன். படத்தின் மேலேயே எழுதினேன்: "செல்வராஜ், வயது 32. நிரந்தர வேலை. பி.எஃப்., போனஸ் உண்டு. சொந்த பைக். கெட்ட பழக்கம் கிடையாது. பிடித்திருக்கிறதா? உடனே அழையுங்கள்." கீழே என் நம்பர். வெல்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறோம் என்ற விஷயத்தை அடுத்த படத்தில் வைத்தேன். ஆர்வத்தைத் தூண்ட வேண்டுமே!

இன்ஸ்டாகிராமில் போட்டேன். அங்கிருந்து முதல் படம் மட்டும் வாட்ஸ்அப் குரூப் குரூப்பாகப் போனது. அடுத்த படம் போகவே இல்லை. எனக்கு அது தெரியாது.

மறுநாள் லால்குடியிலிருந்து ஓர் அம்மா பேசினார். செல்வராஜுக்குக் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், நட்சத்திரம் என்ன என்று விசாரித்தார். மகனோடு வேலை செய்யப்போகிறவரைப் பற்றி இவ்வளவு அக்கறையா என்று எனக்குப் புல்லரித்துப் போனது. அண்ணனிடமே கேட்டுச் சொன்னேன். நேரில் வரலாமா என்றார். தாராளமாக, எத்தனை பேர் என்றேன். ஏழு பேர் என்றார். ஏழு வெல்டர்! பாயிடம் ஓடிப்போய்ச் சொல்லி, கேசரிக்கும் பஜ்ஜிக்கும் ஆர்டர் கொடுத்தேன்.

வேனில் வந்து இறங்கியவர்களில் நாலு பேர் பட்டுப்புடவை. கையில் தாம்பாளம், பூ, பழம். "மாப்பிள்ளைத் தம்பி எங்கேம்மா?" என்றார் பெரியவர்.

சரியாக அந்த நேரத்தில்தானா செல்வராஜ் அண்ணனின் மனைவி மல்லிகா அக்கா சாப்பாட்டுக் கூடையோடு உள்ளே வர வேண்டும்? யாரு இவங்க என்று விசாரித்தார். பெரியவரே விளக்கமாகச் சொல்லி, போனிலிருந்த படத்தையும் காட்டினார். அண்ணன் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அக்கா கத்தவில்லை. படத்தை இரண்டு தரம் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏம்மா, பைக் இருக்குன்னு எழுத இடம் இருந்துச்சு. பொண்டாட்டி இருக்கான்னு எழுத இடம் இல்லையா?"

நான் அழுதே விட்டேன். வேலை போனது போனதுதான், எட்டு வெல்டரும் இல்லை, மானமும் இல்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். லால்குடிக்காரர்கள் பாவம், எனக்கே தண்ணீர் கொடுத்து, கேசரியைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

அக்கா என் போனைக் கேட்டார். "வெல்டருக்கு ஏம்மா ஆசை காட்டுற? அவன் பொண்டாட்டிக்குச் சொல்லு" என்று, கேமராவைப் பார்த்து அவரே பேசினார். ஒண்ணாம் தேதி சம்பளம் வந்துடும். ஞாயித்துக்கிழமை லீவு. கையில சூடு பட்டா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இருக்கு. உங்க வீட்டுக்காரரை அனுப்புங்க. அவ்வளவுதான். அப்படியே போட்டேன்.

அடுத்த வாரத்துக்குள் பதினோரு வெல்டர்கள் வந்தார்கள். ஒருத்தர்கூடத் தானாகப் போன் செய்யவில்லை, எல்லாம் மனைவிமார்தான் பேசினார்கள். ஆர்டரும் தப்பியது, என் வேலையும் தப்பியது.

அதற்கப்புறம் எனக்கு வரன் பார்த்தபோது, அம்மா என் பயோடேட்டாவின் முதல் வரியாக "இதுவரை கல்யாணம் ஆகவில்லை" என்று எழுதினார். கல்யாணத்தன்று மேடையேறி வந்த மல்லிகா அக்கா, என் கணவரிடம், "தம்பி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, உங்களுக்கு ஏற்கெனவே ஆகலையே?" என்றார். மண்டபமே சிரித்தது.

இன்றைக்கும் நான் போனைத் தூக்கிப் படம் எடுக்கப் போனால் போதும், என் கணவர் சட்டையைச் சரிசெய்துகொண்டே சொல்வார்: "பொண்டாட்டி இருக்கான்னு முதல் படத்துலயே போட்டுடும்மா."