முடிப்பகமும் நாலு மாடிப் பூனையும்

அரைகுறையாகக் கிடக்கும் பொழுதுபோக்கு வேலைகள் ஒரு சமுதாயத்தின் அஸ்திவாரத்தையே அரித்துவிடும் என்று மேலிடத்துக்கு ஒருநாள் தோன்றியது. மேலிடத்துக்கு ஏதாவது தோன்றிவிட்டால் அதற்கு ஒரு கட்டடம் தேவைப்படும், கட்டடத்துக்கு ஒரு பெயர் தேவைப்படும். வீடு வீடாகக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். கை முளைக்காத ஸ்வெட்டர்களும், கதாநாயகன் இன்னும் பிறக்காத நாவல்களும், இரண்டே பாட்டு தெரிந்த கிடார்களும் ஊர் முழுக்கக் கிடப்பது தெரியவந்தது. உடனே 'தனிநபர் பொழுதுபோக்குப் படைப்புகள் நிறைவேற்றல் மற்றும் தொடர் ஊக்கமளித்தல் இயக்குநரகம்' உதயமானது.

பெயர்ப்பலகை எழுத வந்த பெயிண்டர் 'தொடர்' வரைக்கும் எழுதிவிட்டு, கை வலிக்கிறது என்று ஏணியை மடக்கிக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவில்லை. மீதியை எழுத அவருக்கு ஊக்கமளிக்க இயக்குநரகத்தால் முடியவில்லை. ஊர் மக்கள் அதை 'முடிப்பகம்' என்று சுருக்கிக்கொண்டார்கள்.

இந்த முடிப்பகத்தின் கையில் சிக்கியவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக்.

பகல் முழுவதும் நின்றுபோன லிஃப்டை ஓடவைப்பது அவர் பிழைப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஓடுகிற லிஃப்டை நிறுத்திவைப்பது அவர் பொழுதுபோக்கு. கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தார். எட்டு மாடிக் கட்டடம். லிஃப்ட் ரிப்பேர். ஒரு பூனை தரைத்தளத்திலிருந்து மொட்டைமாடிக்குப் போக வேண்டும். ஜன்னல் விளிம்பு, துணி காயும் கொடி, ஏ.சி. பெட்டி என்று தாவித் தாவி ஏற வேண்டும். நடுவில் புறாக்கள் வந்து தள்ளிவிடும். விழுந்தால் மறுபடி கீழேயிருந்து.

நாலாவது மாடி வரைக்கும் ஒரே மூச்சில் கட்டிவிட்டார். அப்போது சோறு தண்ணி மறந்தவர்தான். ஐந்தாவது மாடி வெறும் சாம்பல் நிறக் கட்டமாக நின்றது. அதைப் பார்த்தாலே கொட்டாவி வந்தது. கொட்டாவி வந்ததும் மவுஸைப் பிடித்துத் தரைத்தளத்துக்கு இறங்கிவிடுவார். அங்கே சுவரின் நிறத்தை மாற்றுவார். மஞ்சள், இளமஞ்சள், கொஞ்சம் அழுக்கான இளமஞ்சள்.

"நிஜ வீட்டுச் செவுரு உரிஞ்சு தொங்குது. இல்லாத வீட்டுக்கு இத்தனை தடவை பெயிண்ட் அடிக்கிறீங்களே!" என்றார் மனைவி. அவருக்கு மருந்துக் கடையில் கவுண்டர் வேலை. நாள் முழுக்க நோயாளிகளின் புலம்பலைக் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் இதையும் கேட்க வேண்டியிருந்தது.

"அடித்தளம் சரியா இருந்தாத்தான் மேல கட்ட முடியும்மா."

"பூனை எங்க இருக்கு இப்ப?"

"நாலாவது மாடியில."

"போன மழைக்காலத்துலயும் அங்கதானே இருந்துச்சு?"

இந்தப் பேச்சின் நடுவில் உள்ளே வந்தான் மனைவியின் தம்பி. ஊக்கம் என்பது ஊரில் புது ஃபேஷனாகப் பரவியிருந்த காலம் அது. அதில் தலைகீழாக விழுந்தவன் அவன். பொழுது விடியும் முன்பே எழுந்து ஐஸ் தண்ணீரில் குளிப்பான். கையில் ஒரு பட்டை கட்டியிருந்தான். சோம்பேறித்தனமாக உட்கார்ந்தால் அது 'கீங்' என்று கத்தும். இந்த முறையில் அவன் ஒரு தோட்டம், ஒரு தாடி, ஒரு அயல்மொழி மூன்றையும் வெற்றிகரமாகத் தொடங்கியிருந்தான்.

"மாமா, உங்களுக்குத் திறமை இல்லாம இல்ல. மோட்டிவேஷன்தான் இல்ல. நான் உங்க பேரை முடிப்பகத்துல பதிஞ்சுட்டேன்" என்றான்.

"என்னைக் கேக்கவே இல்லையே மாப்ள?"

"கேட்டா அப்புறம் பார்க்கலாம்னுதான் சொல்லுவீங்க."



அடுத்த வாரமே ஊக்க அலுவலர், இரண்டாம் நிலை, நேரில் விஜயம் செய்தார். நடுத்தர வயது அம்மையார். தோளில் கனமான பை, முகத்தில் நிரந்தரமாக ஒட்டிவைத்த புன்னகை. சோபாவில் உட்கார்ந்து, மூச்சை ஒருமுறை ஆழமாக இழுத்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

"உங்களுக்கு ஊக்கம் இருக்கா?"

"இருக்கு மேடம். பஸ்ல வரும்போது நிறைய இருக்கும். செருப்பைக் கழட்டினதும் போயிடுது."

"நல்லது. வேலையைக் காட்டுங்க."

காட்டினார். பூனை ஒரு ஜன்னலிலிருந்து அடுத்த ஜன்னலுக்குத் தாவியது. புறா வந்து தள்ளியது. பூனை விழுந்தது.

"இந்தப் பூனை எதுக்கு மொட்டைமாடிக்குப் போகணும்?"

"அது… பூனைங்க மேடம்."

"அதான் கோளாறு. பூனைக்கே நோக்கம் இல்ல. நோக்கம் இல்லாத பூனையை வச்சுக்கிட்டு உங்களுக்கு எங்கேருந்து ஊக்கம் வரும்?" அலுவலர் பையை மூடினார். "நீங்க தினமும் சாயங்காலம் முடிப்பகத்துக்கு வந்து பயிற்சி எடுத்துக்கணும்."

"சாயங்காலம்தானே மேடம் நான் இதைச் செய்யற நேரம்?"

"இப்பத்தான் செய்யலையே."



ஆக, விளையாட்டை முடிப்பதற்கான ஊக்கத்தைப் பெறும் பொருட்டு, விளையாட்டைச் செய்ய இருந்த ஒரே நேரத்தையும் மெக்கானிக் முடிப்பகத்தில் ஒப்படைத்தார். அங்கே பெரிய கூடம். தரை முழுக்கத் திண்டு. பாதிப் படகு செய்த ஓய்வுபெற்ற நீதிபதி, துண்டுத்துணிகளை ஒட்டுப்போட்டு ஒரு போர்வையை முக்கால்வாசி தைத்த பல் டாக்டர் அம்மா, இன்னும் பலர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முதலில் எல்லோரும் கைதட்ட வேண்டும். யாருக்கு என்று கேட்கக் கூடாது. பிறகு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

"உங்க வேலையை முடிச்சுட்டீங்க. ஊரே பாராட்டுது. அந்தச் சந்தோஷத்தை அனுபவிங்க" என்று அலுவலர் மெல்லிய குரலில் சொல்வார்.

மெக்கானிக் அனுபவித்தார். உண்மையைச் சொன்னால் பிரமாதமாக அனுபவித்தார். பூனை எட்டாவது மாடியில் நின்று மீசையை முறுக்கியது. ஜனங்கள் தெருவில் நின்று விசில் அடித்தார்கள். முடித்த சுகம் முழுசாகக் கிடைத்துவிட்டதால், முடிக்க வேண்டும் என்ற அரிப்பு அடியோடு நின்றுபோயிற்று. வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினார். கம்ப்யூட்டரின் மேல் தூசி படிந்தது. அந்த ஆண்டின் 'மிகச்சிறந்த ஊக்கம் பெற்றவர்' என்று முடிப்பகம் அவருக்குக் கோப்பையும் சால்வையும் கொடுத்தது. மச்சான் விழாவை ஆரம்பத்திலிருந்து படம் பிடித்தான். பாதியில் வேறு வேலை வந்துவிட்டது.

"பூனை எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார் மனைவி.

மெக்கானிக் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த அசம்பாவிதம் நடந்தது. பல் டாக்டர் அம்மா போர்வையைத் தைத்து முடித்துவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். அதைப் போர்த்திக்கொண்டே பயிற்சிக்கு வந்துவிட்டார்.  முடிப்பகத்தின் வரலாற்றில் ஒரு வேலை முடிவது அதுவே முதல் தடவை. அடுத்து என்ன செய்வது என்று விதிமுறைகளில் எதுவும் இல்லை. அலுவலரின் புன்னகை ஒரு பக்கமாகச் சரிந்தது.

"யாரைக் கேட்டு முடிச்சீங்க?"

"நீங்கதானே முடிங்க முடிங்கன்னு சொன்னீங்க?"

"நாங்க ஊக்கம் கொடுத்தோம். முடிக்கச் சொன்னோமா?"

"ரெண்டு நாள் காய்ச்சல். பயிற்சிக்கு வர முடியல. வீட்ல சும்மா உட்கார்ந்திருந்தேன், கை ஊசிப் பக்கம் போயிடுச்சு" என்றார் டாக்டர், குற்றவாளிக் கூண்டில் நிற்பவரைப் போல.

கடைசியில், மூலையில் ஒரு சாண் தையலைப் பிரித்துவிட்டு வந்தால் மன்னித்துவிடுவதாக முடிவானது. டாக்டர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து பிரித்தார். பல் பிடுங்கும்போது மற்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்திருக்கும்.  மெக்கானிக் வெளியே தாழ்வாரத்தில் அலுவலரை மடக்கினார்.

"ஏன் மேடம் இப்படி? பாவம் அந்தம்மா."

அலுவலர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "முடிச்சவங்க திரும்பி வரமாட்டாங்க சார். எல்லாரும் முடிச்சுட்டா மேலிடத்துல என்னை என்ன கேப்பாங்க? உனக்கு இனிமே என்ன வேலைன்னு கேப்பாங்க. எனக்கும் வீடு வாசல் இருக்கில்ல?"

மறுநாள் கூடத்துச் சுவரில் ஆணை ஒட்டப்பட்டது: 'இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இயக்குநரகத்தின் முன் அனுமதியின்றி எந்தப் படைப்பையும் முடிப்பது உடனடியாகத் தடைசெய்யப்படுகிறது. ஊக்கம் பெறுவதற்குத் தடையில்லை.'

மெக்கானிக் அதை நின்று படித்தார். படிக்கப் படிக்க விரல் நுனியில் குறுகுறுத்தது. அதை உணர அவருக்கே வெட்கமாக இருந்தது. கோப்பை கொடுத்தபோது வராதது, கூடாது என்றதும் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். தூசியைக்கூடத் துடைக்கவில்லை. சாம்பல் நிற ஐந்தாவது மாடி எதிரே நின்றது. கொட்டாவி வந்தது.

"வருதா?" என்றார் மனைவி பின்னாலிருந்து.

"கொட்டாவிதான் வருது. இன்னும் நாலு மாடி இருக்கே."

"நகருங்க, நான் ஆடிப் பார்க்கிறேன்."

மனைவி அதுவரை அந்த விளையாட்டைத் தொட்டதில்லை. முழுசாக முடியட்டும், அப்புறம் காட்டுகிறேன் என்று மெக்கானிக் தள்ளிப்போட்டே வந்திருந்தார். இப்போது பூனை ஏறியது. மூன்றாவது மாடியில் புறா வந்து தள்ளியது. மறுபடி ஏறியது. மறுபடி அதே புறா. மருந்துக் கடையில் ஒருநாளும் குரலை உயர்த்தாத அந்தப் பெண்மணி, புறாவின் பரம்பரையையே இழுத்துத் திட்ட ஆரம்பித்தார்.

"ஏங்க, இந்த இடத்துல தாவவே முடியாது. யாரு கட்டினது இதை?"

"ஒரு விரக்கடை கிட்ட நகர்த்திடட்டுமா?"

"நகர்த்துங்க. அந்தப் புறாவை மட்டும் எடுத்துடாதீங்க. அதை நான் விடமாட்டேன்."

நகர்த்தினார். மனைவி ஆடினார். இன்னொரு இடத்தில் மாட்டினார். மெக்கானிக் சரிசெய்தார். சுவரின் நிறத்தைப் பற்றி மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவர் இருப்பதையே அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. அடுப்பில் வைத்தது தீய்ந்து வாசனை வந்தது, இருவரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் பூனை நாலாவது மாடிக்கு வந்துவிட்டது.

"இதுக்கு மேல?"

"இதுக்கு மேலதான் ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லேன்னா அதுதானே மொட்டைமாடி? நாலோட நிறுத்துங்க. எட்டு மாடி கட்டச் சொல்லி யாரு உங்ககிட்ட அழுதாங்க?"

 மெக்கானிக் மேலே இருந்த நாலு சாம்பல் கட்டங்களையும் தேர்ந்தெடுத்து, அழித்தார். ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தார். நாலாவது மாடி மொட்டைமாடி ஆயிற்று. பூனை போய்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து முன்னங்காலை நக்கியது. இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டே அதைப் பார்த்தார்.

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஆனால் அந்த ஆணையைப் படித்தவர் மெக்கானிக் ஒருவர் மட்டும் அல்லவே. தடை என்றதும் ஊரே கதவைத் தாழிட்டுக்கொண்டு முடிக்க ஆரம்பித்தது. நீதிபதி படகை முடித்தார். மச்சான் தாடியை முடித்தான். அலுவலரே ஒரு மாலை வீட்டுக்கு வந்து, மெக்கானிக் நடுங்கிக்கொண்டிருக்க, தோள்பையிலிருந்து செங்கல் கனத்தில் ஒரு நாவலை எடுத்து மேஜையில் வைத்தார். எல்லாம் அலுவலக நேரத்தில் எழுதியது.

"படிச்சுட்டு உண்மையான கருத்தைச் சொல்லணும். நல்லா இருக்குன்னு சொன்னா போதும்."

"கண்டிப்பா மேடம். முதல்ல நீங்க இந்தப் பூனையை ஒரு ஆட்டம்…"

"முதல்ல நீங்க படிங்க."

"இல்ல மேடம், நீங்க முதல்ல ஆடுங்க."

ஊர் முழுக்க இதே மரியாதைதான் நடந்தது. செய்தவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. காலிங் பெல் அடித்தால் விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்தார்கள். நீதிபதி படகை இழுத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தார். முடிப்பகத்தின் பலகையை அழித்துவிட்டு, 'பிறர் படைப்புகளைப் பார்த்தல் மற்றும் பாராட்டுதல் இயக்குநரகம்' என்று எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரே ஒரு வீட்டின் வாசலில் மட்டும் வரிசை நின்றது. மெக்கானிக்கின் வீடு. வந்தவர்கள் பூனையைப் பார்க்க வரவில்லை.

மெக்கானிக்கின் மனைவி காலி மருந்துப் பெட்டிகளைப் பிரித்து, அட்டையின் உள்பக்கத்தில், கடைக்கு வருகிறவர்களின் முகங்களைப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார். இருமுகிற முகம், பல்வலி முகம், கடன் சொல்ல வாயெடுக்கிற முகம். யாரும் அவருக்கு ஊக்கம் கொடுத்ததில்லை. கூட்டம் இல்லாத நேரத்தில் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். அலுவலர் தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போனபோது அலமாரியில் அவற்றைப் பார்த்துவிட்டார். ஊருக்குள் சேதி பரவிவிட்டது.

வந்தவர்கள் எல்லோரும் அட்டைகளை ஒரே மாதிரிதான் பார்த்தார்கள். சீட்டுக்கட்டைப் போல வேகமாகத் தள்ளுவார்கள். தங்கள் முகம் வந்ததும் நிறுத்துவார்கள். "என் மூக்கு இவ்வளவு பெரிசா?" என்பார்கள். கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அலுவலர் இரண்டு தடவை வந்தார்; புன்னகை இல்லாமல் தன்னை வரைந்திருப்பது அநியாயம் என்றார்.

கூட்டம் ஓய்ந்த ஒருநாள், மெக்கானிக்கும் அட்டைகளை எடுத்துத் தள்ளத் தொடங்கினார். அதற்குமுன் மனைவி இரண்டு மூன்று தடவை நீட்டியபோது, பூனைக்கு அடுத்த கட்டடம் ஒன்று ஆரம்பித்திருப்பதால் அப்புறம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். வேகமாகத் தள்ளினார். நீதிபதி, டாக்டர், மச்சான், பெயிண்டர்கூட இருந்தார். கட்டு தீர்ந்துவிட்டது.

"நான் இல்லையே?"

"ஏன் இல்ல? அடியில தனியா ஒரு கட்டு இருக்கு பாருங்க."

எடுத்தார். ஒரு நாற்காலி, அதில் கம்ப்யூட்டரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு முதுகு. அடுத்த அட்டையிலும் முதுகு. அதற்கடுத்ததிலும். மழைக்கால ஸ்வெட்டரில் முதுகு, வெயில்கால பனியனில் முதுகு.

"இந்தப் பக்கம்தானே எனக்குத் தெரியுது" என்றார் மனைவி.

மெக்கானிக் அவற்றை வெகுநேரம் பார்த்தார். 

"பின்னந்தலையில எனக்கு இவ்வளவு வழுக்கையா?" என்று கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மனைவி பென்சிலைச் சீவினார்.