மாப்பிள்ளையின் கால் குறித்துச் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி திருப்பனந்தாள் தமிழ்மாறன் அவர்களுக்கு, கீழ்வேளூர் துரைராசு வணக்கம் கூறி எழுதுவது.

இங்கு நானும் மனைவி தர்மாம்பாளும் மகள் குந்தவையும் சுகம். அங்கு தங்கள் சுகத்தையும், துணைவியார் ஞானாம்பாள் அவர்களின் சுகத்தையும், குறிப்பாக மாப்பிள்ளை ராஜ்குமாரின் இரண்டு கால்களின் சுகத்தையும் அறிய ஆவல். தட்டு மாற்றாத வீட்டில் சம்பந்தி என்று அழைக்க உரிமை ஏது என்பீர்கள். போனை நீங்கள் எடுக்காததால் தபாலில் அழைத்துவிட்டேன்.

நிச்சயதார்த்தத்தன்று நடந்ததற்கு நான் வெட்கப்படவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குந்தவை எங்கள் தெருவிலேயே முதல் எம்.ஏ. இங்கிலீஷ், பள்ளிக்கூட டீச்சர், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவள் வீட்டில் நடத்தும் டியூஷனில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நானும் ஆங்கில மரபுத்தொடர் படித்தேன் என்பது தெரியாது. குறுவை அறுக்க மெஷினுக்குக் காத்திருந்தபோதுகூட வரப்பில் நின்று சொல்லிப் பார்த்தேன். அதனால்தான், நீங்கள் வெற்றிலைத் தட்டை ஏந்தி நிற்க, மாப்பிள்ளை "அடுத்த வாரம் சென்னையில இன்டர்வியூ மாமா, ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று குனிந்ததும், படித்த பிள்ளையைப் படித்தவர் முறையில் வாழ்த்துவோம் என்று "பிரேக் எ லெக்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே "தேங்க்ஸ் மாமா" என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். உங்கள் அண்ணன் "என்னங்க சொன்னீங்க?" என்று கேட்டார். சபையில் கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை, "காலை ஒடிச்சுக்கன்னு அர்த்தங்க" என்று நிமிர்ந்து சொன்னேன்.

"நல்ல காரியத்துல என்ன பேச்சுங்க இது!" என்று ஞானாம்பாள் அவர்கள் கத்த, உங்கள் கையிலிருந்த தட்டு பாய்க்கு இறங்கிவிட்டது. நாம் கண்ணுபடாமல் இருக்கக் குழந்தை கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்கிறோம், வெள்ளைக்காரன் அதை வாழ்த்திலேயே வைத்துவிடுகிறான், அவ்வளவுதான் என்று விளக்கினேன். உங்கள் அண்ணன்கூடத் தலையாட்டினார். அந்த உற்சாகத்தில்தான், இங்கிலீஷ்காரன் எதையும் நேராகச் சொல்ல மாட்டான், ஆள் செத்துப்போனால்கூட வாளியை உதைத்துவிட்டார் என்றுதான் சொல்வான் என்று சேர்த்துச் சொன்னேன். பந்திக்கு வைத்திருந்த சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்ற உங்கள் அண்ணன் துள்ளி விலகினார். இலை போட்டது போட்டபடி கிடக்க, எல்லோரும் வேனில் ஏறிவிட்டீர்கள்.

"அர்த்தமெல்லாம் சரிப்பா, சொன்ன இடம்தான் தப்பு" என்றாள் குந்தவை. பரீட்சையில் இடத்துக்கு மார்க் கிடையாது, எனக்கு முழு மார்க். ஆனால் அதற்குப் பிறகு அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. உங்கள் பிள்ளையை அவளுக்குப் பிடித்திருக்கிறது. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அதற்காகச் சகுனத்துக்குப் பயந்து மன்னிப்புக் கேட்டால் நான் டீச்சருக்கு அப்பன் இல்லை. வார்த்தை போய் யார் காலையும் ஒடிக்காது. படித்த குடும்பங்கள் நாம், நாள் நட்சத்திரம் பார்க்காமல் தட்டோடு வாருங்கள்.

அங்குள்ள பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, மாப்பிள்ளைக்கு இம்முறை தமிழிலேயே ஆசி.

இப்படிக்கு,
துரைராசு

பி.கு.: இன்டர்வியூவுக்குக் கும்பகோணம் வரை பைக்கில் போய் ரயிலேறப் போகிறாராம் மாப்பிள்ளை. வேண்டாங்க, பஸ்ஸில் போகச் சொல்லுங்கள். எங்கள் மாரியம்மனிடம் அவர் பேருக்கு அர்ச்சனை செய்து, மந்திரித்த கறுப்புக் கயிறு இரண்டு இத்துடன் வைத்திருக்கிறேன், காலுக்கு ஒன்று. நேற்றே எழுதி முடித்தும், அஷ்டமி என்பதால் இன்று ராகுகாலம் கழித்துத்தான் தபாலில் சேர்க்கிறேன். நான் பேசியது தப்புதாங்க, மன்னிச்சுக்குங்க. கயிறு கட்டியாச்சு என்று ஒரு போன் போடுங்கள். அதுவரைக்கும் எனக்கும் சோறு இறங்காது.