என்னை நானே வேலைக்கு வைத்துக்கொண்ட நாள்

தனியாகக் கிடப்பவனுக்குப் பைத்தியம் பிடித்தால் ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் அவனுக்குத் தெரியும். எனக்கு அது ஒரு ரப்பர் தோட்டத்துத் துரையின் முன்னால் வைத்துத் தெரிந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் பி.ஏ. படித்தேன். வாயைத் திறந்தால் கூடப் படித்தவர்கள் 'பாண்டி' என்று சிரித்தார்கள். (லீவுக்குத் திருநெல்வேலி அத்தை வீட்டுக்குப் போனால் அங்கே நான் 'மலையாளத்தான்'.) வாயை மூடிக்கொண்டேன். படிப்பு முடிந்து போன முதல் இரண்டு இண்டர்வியூவிலும் பெயர் கேட்டதற்கே எனக்குச் சத்தம் வரவில்லை. 'அடுத்ததும் போனால் பூதப்பாண்டிக்கு வந்து மாமாவோடு வயலைப் பார்' என்று அப்பா எழுதிவிட்டார். (சேற்றைக் கண்டாலே எனக்கு ஜலதோஷம் பிடிக்கும்.)

அடுத்தது குலசேகரம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் குமாஸ்தா வேலை. பயிற்சியில் இறங்கினேன். திருவனந்தபுரத்து வாடகை அறையில் இருந்த ஒரே நாற்காலிக்கு என் கோட்டை மாட்டினேன். அவர்தான் துரை. அவருக்காகக் கட்டைக் குரலில் இங்கிலீஷில் கேள்வி கேட்பேன். என் குரலில் பணிவாகப் பதில் சொல்வேன். கடைசியில் கோட்டின் கையைப் பிடித்துக் குலுக்கி, "சபாஷ், நாளைக்கே வேலையில் சேர்ந்துவிடும்!" என்பேன். ஒரு மாதத்தில் துரை என் அம்மாவின் மூட்டுவலியைக்கூட விசாரிக்கத் தொடங்கினார். அந்த ஊரில் அதை விசாரித்தவர் அவர் ஒருவர்தான்.

இண்டர்வியூ அன்று நிஜத் துரை என் மனுவையே படித்துக்கொண்டிருந்தார். பேசவில்லை. எனக்கு நன்றாகப் பழகிப்போன மௌனம் அது. "உட்காரும், மிஸ்டர் ஞானமுத்து" என்றது ஒரு கட்டைக் குரல். "தாங்க் யூ சார்" என்று உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் துரை நிமிர்ந்தே பார்த்தார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மடை திறந்துவிட்டது. எங்கே படித்தீர் என்று கேட்டேன், சொன்னேன். கணக்கு வருமா என்று கேட்டேன், வரும் என்றேன். துரை இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் நான் முந்திக்கொண்டேன். முடிவில் எழுந்து, மேஜைமேல் கிடந்த அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "சபாஷ், நாளைக்கே வேலையில் சேர்ந்துவிடும்!" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வராந்தாவில் அடுத்த ஆளாகக் காத்திருந்தவன் பெயர் ஏசுவடியான்.

"எடே மக்கா, உள்ள ரெண்டு துரையா இருக்காவ?" என்றான். "அதுல ஒருத்தரு ரொம்ப நல்லவரு போல. ஒடனே வேல குடுத்துட்டாரே!"

"அது நான்தான்" என்றேன்.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அழத்தான் போகிறேன் என்று நினைத்தேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு இன்னொரு மனிதனோடு சேர்ந்து சிரிக்கிறேன். மானம் போன அன்று மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

வேலை அவனுக்குக் கிடைத்தது. (நியாயம்தான். அவன் துரையைப் பேச விட்டானாம்.) எனக்கு அவன் தங்கை கிடைத்தாள். கதை எனக்கு முன்பே அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வயலுக்கும் போகவில்லை, பள்ளிக்கூட வாத்தியார் ஆனேன். அங்கே கேள்வியையும் பதிலையும் நானே சொன்னால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

போன வாரம் எங்கள் மகன் முதல் இண்டர்வியூவுக்குப் புறப்பட்டான். நான் ஜெபம் பண்ணி ஆமென் சொல்வதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்:

"மக்கா, அங்க இருக்கப்பட்ட ஆளையும் ரெண்டு வார்த்த பேச விடணும், கேட்டியா?"