பாத்ரூம் கழுவ ஒரு மலை ஷூ

இந்த வருஷம் மலை ஏறியே தீருவது என்று முடிவு செய்தேன். உயிர் போனாலும் சரி, உச்சியில் போகட்டும்.

பெரிய மலையாக எதையும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். நான் வேலை பார்க்கும் கடையின் ஜன்னலுக்கு எதிரே, ஊரைத் தாண்டியதும் மொட்டையாக நிற்கும் ஒரு மலை. கடை, வீட்டு உபயோகப் பொருள் கடை. அங்கே என் வேலை சிபாரிசு செய்வது. "இது சாதாரண மாப் இல்லைங்க. குனிய வேண்டாம், பிழிய வேண்டாம், கைப்பிடியைத் திருகினா தானே பிழிஞ்சுக்கும்." "இது மடிக்கிற வாளிங்க. வேலை முடிஞ்சா அமுக்கித் தட்டு மாதிரி சுவத்துல மாட்டிடலாம்." காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே பாட்டு. மானேஜர் ஒரு வேலை ஏவுவார். வாங்க வருகிறவர்கள் ஒன்பது வேலை ஏவிவிட்டு, வாங்காமல் போவார்கள். வீட்டுக்கு வந்தால், மிச்சமிருக்கும் வேலைகளோடு மனைவி கதவிலேயே நிற்பாள். அந்த மலை உச்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றும். அங்கே போய் நின்றுவிட்டால், எவரும் என்னிடம் ஒரு வேலை சொல்ல முடியாது. ஒரே ஒரு நாள் அது எனக்கு வேண்டும்.

வீட்டில் சொன்னேன்.

"மலையா? நீங்களா?"

"ஏன், மலை என்னை வேண்டாம்னு சொல்லிச்சா?"

"நாலு மாடி ஏறி வந்து சோபாவுல கவுந்தா, சாப்பிடத்தான் எழுந்திருக்கறீங்க. மலை மேல சோபா போட்டிருக்காங்களா?"

"எல்லாரும் போறாங்க."

"போறவங்க போகட்டும். மலைக்குன்னு ஒரு சாமான் இந்த வீட்டுக்குள்ள வந்துது, அப்புறம் ஒண்ணு அது இருக்கும், இல்ல நீங்க இருப்பீங்க."

அத்தோடு விசாரணை முடிந்தது. எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

கீழ்வீட்டில் ஒரு விளையாட்டு டீச்சர் இருக்கிறார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் குடியிருப்பு முழுக்க அவருக்கு விசில் டீச்சர் என்றே பெயர். ஒரு கூட்டத்தைச் சேர்த்து மலைக்கு அழைத்துப் போவது அவர்தான். ரகசியமாகப் போய்ப் பெயர் கொடுத்தேன்.

"ஷூ, முதுகுப்பை, ஊன்றுகோல், நெத்தி விளக்கு எல்லாம் சரியா இருக்கணும் சார். இல்லாதவங்களைக் கூட்டிட்டுப் போக மாட்டேன். அப்புறம், கனமான பையோட நம்ம நாலு மாடியையும் மூச்சு வாங்காம ஏறிக் காட்டணும்."

"காட்டிடலாம் டீச்சர். என் வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க."

"நானா போய்ச் சொல்ல மாட்டேன். அவங்களா வந்து கேட்டா, எனக்குப் பொய் வராது."

அவளாக எங்கே போய்க் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

சாமான் வீட்டுக்குள் வந்தாக வேண்டும், ஆனால் மலைச் சாமானாக வரக்கூடாது. இத்தனை வருஷம் ஊராருக்குக் காய் நறுக்கும் கருவியை விற்ற வாய் எனக்கு எதற்கு இருக்கிறது? முதலில் நெத்தி விளக்கு வந்தது.

"என்னங்க இது, நெத்தியில கட்டிக்கிட்டு?"

"புது டிசைன். சிங்க் அடியில கரப்பான் பூச்சி இருக்கான்னு பார்க்கலாம். ஒரு கையில டார்ச் பிடிக்க வேண்டாம்."

கழற்றி வாங்கித் தன் நெற்றியில் கட்டிக்கொண்டாள். சிங்க் பக்கம் போகவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"காதுக்குப் பின்னாடி சோப்பு அப்படியே இருக்கு. போய்க் கழுவுங்க."

அடுத்து, இழுத்தால் நீளும் ஊன்றுகோல் ஒட்டடைக் கம்பாக வந்தது. முதுகுப்பை மளிகைப் பையாக வந்தது. எங்கள் லிஃப்ட் ஓடிய காலம் யாருக்கும் ஞாபகமில்லை. எனவே அந்தப் பைக்கு வீட்டில் ஏக மரியாதை. மளிகை மொத்தத்தையும் அதில் அடைத்து, முதுகில் மாட்டிக்கொண்டு அவள் விறுவிறுவென்று ஏறுவாள். நான் வெறும் கையோடு, இரைக்க இரைக்கப் பின்னால் போவேன். எவ்வளவு சாமர்த்தியமாக ஏமாற்றுகிறோம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். சிரிப்பதற்கும் மூச்சு போதாது.

தொலைநோக்கியை, பஸ் வருவதை ஜன்னலிலிருந்தே பார்க்கும் கருவி என்று கொடுத்தேன். அன்று சாயங்காலமே பலன் தெரிந்தது.

"பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில யார் கூட அப்படிச் சிரிச்சுக்கிட்டிருந்தீங்க? வீட்டுக்குள்ள அந்தப் பல்லையே நான் பார்த்ததில்லையே?"

கடைசியாக ஷூ. அங்கேதான் என் நாக்கில் சனி உட்கார்ந்தது.

"பாத்ரூம் தரை வழுக்குதுன்னு சொன்னியே. அதுக்குன்னே செஞ்சது. அடியில பாரு, பல்லு பல்லா. என்ன சோப்பு நுரையா இருந்தாலும் வழுக்காது."

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யாருக்கு?"

"உனக்குத்தான். பாத்ரூம் கழுவறது நீதானே? நான் எதுக்கு ஷூ போட்டுக்கறேன்?"

மறுநாள் கடையிலிருந்து வந்தால், அதே பெட்டி மேஜை மேல் இருக்கிறது. உள்ளே இருந்த ஷூ சிறுத்துப் போயிருக்கிறது.

"எனக்குத் தொளதொளன்னு இருந்துது. போய் என் சைசுக்கு மாத்திட்டு வந்துட்டேன்."

"மாத்திட்டியா?"

"ஏன், முகம் இப்படி வெளுக்குது? எனக்குத்தானே வாங்கினீங்க?"

"ஆமா, ஆமா. பின்னே யாருக்கு?"

இருக்கிற பழைய கான்வாஸ் ஷூவோடு போய் டீச்சர் காலில் விழுந்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மலை ஷூ போட்டுக்கொண்டு என் மனைவி தினமும் பாத்ரூம் கழுவினாள். அதே ஷூவோடு மளிகைக்கும் போய் வந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் வாயைத் திறந்து என்ன சொல்வது? நானே சொன்ன பொய்யை நானே காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

மலைக்குப் போகும் நாளுக்கு முந்தின நாள் சொன்னேன்.

"நாளைக்குக் கடையில சரக்கு சரிபார்க்கறாங்க. விடியறதுக்குள்ள கிளம்பணும்."

"அப்படியா? போயிட்டு வாங்க."

ஒரு கேள்வி இல்லை, ஒரு முறைப்பு இல்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

விடிகாலையில் பூனை மாதிரி எழுந்து, கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். ஆணியில் பை இல்லை. மூலையில் கம்பு இல்லை. ஹாலுக்கு வந்தால், என் முகத்தில் பளீரென்று வெளிச்சம் அடித்தது. நெத்தி விளக்கு, முதுகில் பை, கையில் ஊன்றுகோல், கழுத்தில் தொலைநோக்கி, காலில் ஷூ. என் மலை மொத்தமும் என் மனைவி மேல் இருந்தது.

"எங்க கிளம்பிட்ட?"

"மலைக்கு."

"இதெல்லாம் வீட்டுச் சாமான்!" என்று கத்தினேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஷூ மாத்தப் போனேன்ல, எந்த மலைக்குப் போறீங்கம்மான்னு கடைக்காரர் கேட்டார். பாத்ரூமுக்குன்னேன். மனுஷன் சிரிச்ச சிரிப்புல கடையே திரும்பிப் பார்த்துது. மானம் போச்சு. நேரா டீச்சர்கிட்ட வந்து கேட்டேன். பாவம், அவங்களுக்குப் பொய் வராதாம்."

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே?"

"நீங்க கேட்டீங்களா? நீயும் வர்றியான்னு ஒரு வார்த்தை? உங்க கடை ஜன்னலுக்கு மட்டும்தான் அந்த மலை தெரியுதுன்னு நெனச்சீங்களா? என் சமையல்கட்டு ஜன்னலுக்கும் தெரியுதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. அதற்குள் டீச்சர் வாசலில் வந்து நின்றார்.

"பையை மாட்டிக்கிட்டு ஒரே மூச்சுல நாலு மாடியும் ஏறிட்டாங்க சார் உங்க வீட்டுல. எனக்கே ஆச்சரியம். நீங்களும் இப்பவே ஒரு தடவை ஏறிக் காட்டறீங்களா?"

நான் என் கான்வாஸ் ஷூவைப் பார்த்தேன். அதன் முனையில் என் கட்டைவிரல் தெரிந்தது.

"எனக்குக் கடையில வேலை இருக்கு டீச்சர்."

"ஞாயித்துக்கிழமையா?" என்றார் டீச்சர்.

"கடை லீவுன்னு எனக்கும் தெரியும்" என்றாள் மனைவி. "அதனாலதான் துணியெல்லாம் ஊற வெச்சிருக்கேன்." எங்கள் கடையிலிருந்து நானே வாங்கி வந்து மாட்டியிருந்த மடிக்கிற வாளியைச் சுவரிலிருந்து எடுத்து, படக்கென்று விரித்து, என் கையில் கொடுத்தாள். என் குரலிலேயே சொன்னாள்: "இது சாதாரண வாளி இல்லைங்க. தூக்கிட்டு மொட்டை மாடி ஏறினா, மலை ஏறின மாதிரியே இருக்கும்."

டீச்சருக்கு விசில் ஊதக்கூட முடியவில்லை. அவ்வளவு சிரிப்பு.

துணியை அலசி, பிழிந்து, வாளியோடு மொட்டை மாடிக்கு ஏறினேன். ஏறி முடித்தபோது வெயில் வந்துவிட்டது. எதிரே அந்த மலை. என் மலை. நான் பார்த்துப் பார்த்து வாங்கிய ஷூ, வேறொரு காலோடு அதன் மேல் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. சோப்பு நுரை என்று யாரிடம் சொல்வது? அங்கே யாருமே இல்லை. தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். துணியைத் தொடவில்லை. இன்று ஒரு நாளாவது நான் யார் சொல்லும் கேட்கப் போவதில்லை.

வெகுநேரம் கழித்து போன் அடித்தது. முதலில் காற்றுதான் கேட்டது.

"உச்சிக்கு வந்துட்டேங்க."

"எப்படி இருக்கு?" என் குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது.

"என்னன்னு சொல்றது? அவ்வளவு அமைதி. ஒருத்தரும் எனக்கு ஒரு வேலை சொல்லல. அப்புறம், உங்க சிபாரிசு ஒண்ணுகூட சோடை போகலைங்க. அதுலயும் அந்தத் தொலைநோக்கி இருக்கே, அடேயப்பா!"

என்னையும் மீறி நெஞ்சு நிமிர்ந்தது. தொழில் புத்தி.

"அப்படியா? அதுல என்ன தெரியுது?"

"நம்ம மொட்டை மாடி தெரியுது. தொட்டி மேல உக்காந்து மலையைப் பார்த்தது போதும், எழுந்து துணியை உதறிப் போடுங்க."

உதறிப் போட்டேன்.