டேரா அக்காவும் இரண்டாம் மாடி சிப்ஸ் மெஷினும்

ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பதற்கு உலகப் போட்டி ஒன்று வைத்தால், மற்ற நாட்டுக்காரர்கள் விமான டிக்கெட் செலவை மிச்சம் பிடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடலாம். பரிசு டெல்லி மயூர் விஹாரில் எங்கள் கீழ் ஃப்ளாட்டு டேரா அக்காவுக்குத்தான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. வாசல் பலகையில்கூட அது இருக்கிறது. யாரும் படித்ததில்லை. போன இடத்திலெல்லாம் டேரா போட்டுவிடுவதால், எங்கள் குடியிருப்புக் காவலாளிக்கு அவர் டேரா தீதி. எங்களுக்கு டேரா அக்கா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி, பேப்பருக்குப் பின்னால் வசிப்பவர்.

அக்காவின் கொள்கை எளிமையானது. எதையும் வாங்குவதற்கு முன்னால் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். விளம்பரம், விலைப்பட்டியல், கடைக்காரர் சத்தியம் எதையும் அவர் நம்புவதில்லை. ஒரு மடக்கு ஸ்டூல், ஒரு ஃபிளாஸ்க், பாதி பின்னிய ஸ்வெட்டர். இவற்றோடு கிளம்பினார் என்றால் ஏதோ ஒரு பொருளுக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

"சாமான் தானா பேசாது தம்பி. ஆனா பக்கத்துல போயி உக்காந்தேன்னு வையி, எல்லாத்தையும் கக்கிரும்" என்பார்.

ஃப்ளாட் வாங்கும்போது ஒரு வாரம் அந்த வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்தாராம். தண்ணீர் எப்போது வருகிறது, மேல்வீட்டில் யார் யாரைத் திட்டுகிறார்கள், குரங்கு எந்தப் பக்கமாக ஏறுகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். விற்க வந்தவர், 'ஏற்கெனவே யாரோ குடிவந்துவிட்டார்களே' என்று பயந்து திரும்பிப் போனதாகக் கேள்வி.

வாஷிங் மெஷின் வாங்கப் போனபோது ஷோரூமிலேயே உட்கார்ந்துவிட்டார். காலையில் அவருக்கு டீ வந்தது. மத்தியானம் சமோசா வந்தது. சாயங்காலத்துக்குள் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் எதை வாங்கக் கூடாது என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். மேனேஜர் கைகூப்பி, கேட்ட விலைக்கு மெஷினைக் கொடுத்து, டெம்போவில் மெஷினோடு அவரையும் ஏற்றி அனுப்பிவைத்தார்.

இதற்கெல்லாம் சிகரம், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது. குர்காவ்னில் பையனின் ஆபீசுக்கு எதிரே மரத்தடியில் ஸ்டூலைப் போட்டார். மூன்றாம் நாள் பையனே வெளியே வந்து, "ஆன்ட்டி, யாருக்காக வெயிட் பண்றீங்க?" என்று கேட்டிருக்கிறான்.

"உனக்காவத்தான் தம்பி."

பையன் ஓடவில்லை. இரண்டு டீ வாங்கிவந்து நடைபாதையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். கல்யாணம் அங்கேயே நிச்சயமாகிவிட்டது.

அப்பேர்ப்பட்டவரிடம் நான் போய்ச் சேர்ந்த கதைதான் இது.

நான் வேலை பார்த்த கம்பெனி டெல்லிக் கிளையை மூடியது. கையில் ஒரு தொகையைக் கொடுத்து, ஒரு கேக்கையும் வெட்டி எங்களை அனுப்பிவைத்தார்கள். ஐம்பதை நெருங்குகிறவனுக்கு இன்னொரு வேலை கொடுக்க யாரும் துடிக்கவில்லை. என் மனைவி கீதாவின் சம்பளத்தில் வீடு ஓடியது. நான் பால்கனிச் செடிகளுக்கு அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சாவ்லாஜி அறிமுகமானார். லக்ஷ்மி நகரில் ஒரு பழைய கட்டடம் முழுக்கக் கோச்சிங் வகுப்புகள். அதன் இரண்டாம் மாடிப் படிக்கட்டு முனையில் அவருடைய வெண்டிங் மெஷின் ஒன்று நின்றது. போனில் பணம் கட்டி எண்ணை அழுத்தினால் சிப்ஸ், பிஸ்கட், ஜூஸ் என்று கீழே விழும். மெஷினை, அது நிற்கும் இடத்தோடு சேர்த்து விற்றுவிட்டு, கனடாவில் இருக்கும் மகனிடம் போகப்போவதாகச் சொன்னார்.

"லகா-லகாயா தந்தா ஹை ஜி! ஏற்கெனவே நடக்கிற தொழில். நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம், ஓடுற வண்டியில ஏறி உக்கார வேண்டியதுதான்" என்று ஹிந்தியில் தேன் தடவினார். நான் போய்ப் பார்த்தபோது மெஷினுக்கு முன்னால் உண்மையாகவே கூட்டம். மாணவர்கள் மூச்சு வாங்க நின்று ஜூஸ் வாங்கினார்கள். எனக்கு அங்கேயே கையெழுத்துப் போடத் தோன்றியது.

கீதா மட்டும், "இருக்கிற மொத்தப் பணமும் இது. டேரா அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க" என்றாள்.

அக்கா விஷயத்தைக் கேட்டதும் ஊசியை நிறுத்தினார். "மெஷினா? கடைக்காரன் இல்லாத கடையா? அத நான் இதுவரைக்கும் பாக்கலியே!" என்றார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். மறுநாள் காலை மெட்ரோவில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் மாடியில் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் விழுந்தது. முதல் நாள் அவரை யாரோ மாணவியின் அம்மா என்று நினைத்தார்கள். இரண்டாம் நாள், புதிதாகச் சேர்ந்த கணக்கு டீச்சர் என்று ஒரு பையன் காலைத் தொட்டுக் கும்பிட்டு, பேலன்ஸ் ஷீட்டில் சந்தேகம் கேட்டான். அக்கா அசரவில்லை. "பெஹலே குச் காவோ பேட்டா, ஃபிர் படோ" என்று, முதலில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு அப்புறம் படிக்கச் சொன்னார். பையன் பிஸ்கட் வாங்கித் தின்றுவிட்டு, சந்தேகம் தீர்ந்தவன்போல வகுப்புக்குப் போனான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் என்னை ஓரமாக அழைத்தார்.

"தம்பி, இந்தப் புள்ளைக ஏன் இங்கன நிக்கி, தெரியுமா?"

"பசிக்கா?"

"மூச்சு வாங்கி! கீழ லிஃப்ட் கெட்டுக் கெடக்கு, பாத்தியா? எல்லாரும் நாலாம் மாடி வரைக்கும் ஏறணும். ரெண்டாம் மாடியில காலு ஓஞ்சிருது. நின்னா மெஷின் கண்ணுல படுது. லிஃப்ட் சரியாச்சுன்னா அம்புட்டுப் பேரும் சர்ருன்னு மேல போயிருவாவ. உன் மெஷின் சுவத்தப் பாத்துக்கிட்டு நிக்கும்."

"லிஃப்ட் பல மாசமா அப்படித்தான் இருக்காம் அக்கா."

"காவக்காரனும் அதத்தான் சொல்லுதான். அடுத்த வாரம், அடுத்த வாரம்னு. ஆனா இன்னிக்குப் புது மோட்டார் வந்து எறங்கிருக்கு. நான் பாத்தேன்."

நான் படிக்கட்டில் எட்டிக் கீழே பார்த்தேன். அக்கா விடவில்லை.

"இன்னொண்ணு. அந்த மனுசன் கனடாவும் போவல, ஒண்ணும் போவல. அட்டைப்பெட்டியத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு படியிலயும் உக்காந்து உக்காந்து வாராவ. முட்டு போயிட்டு பாவம். சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுக் கனடாங்காவ."

அதாவது லிஃப்ட் கெட்டதால் வியாபாரம் அமோகம். அதே லிஃப்ட் கெட்டதால்தான் சாவ்லாஜி விற்கிறார். இவ்வளவையும் ஒரு பெண்மணி ஸ்வெட்டருக்குக் கை பின்னுகிற நேரத்தில் கண்டுபிடித்திருந்தார். நான் மேனேஜ்மென்ட் படித்தவன் என்பதை இந்த இடத்தில் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அக்காவுக்கே தெரியாத ஒன்று அப்போது நடந்துகொண்டிருந்தது. மெஷினில் என்ன விற்கிறது என்பது சாவ்லாஜியின் போனில் உடனுக்குடன் தெரியும். ஷாதராவில் தம் வீட்டில் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அவர் அதைப் பார்த்திருக்கிறார். விற்பனை ஏறுகிறது, ஏறிக்கொண்டே இருக்கிறது. காரணம் அவருக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன? என்னை அழைத்து விலையை உயர்த்திவிட்டார்.

"தேகியே ஜி, பாருங்க கிராஃப! ராக்கெட்! இந்த விலைக்கு எப்படிக் கொடுக்கிறது?"

நான் அலறியடித்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். அங்கே பார்த்தால் அவரைச் சுற்றி ஏழெட்டு மாணவர்கள். ஒருத்தி, வீட்டிலிருந்து யாரும் போனில் பேசவில்லை என்று அழுகிறாள். ஒருவன், தேர்வில் தோற்றதை அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று கேட்கிறான். அக்காவோ தமிழும் ஹிந்தியும் கலந்த ஒரு புது மொழியில் எல்லோருக்கும் பதில் சொல்லி, சொல்லி முடித்ததும் மெஷினைக் காட்டி, "குச் காவோ" என்கிறார். குழந்தைகள் வரிசையாகப் போய் வாங்குகிறார்கள்.

"அக்கா! ராக்கெட்டே நீங்கதான்!" என்றேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "அடப் பாவமே. நான் அளக்க வந்தேன். நானே போயி தராசுல ஏறி உக்காந்துட்டேனா?"

கொஞ்சநேரம் ஊசியால் தலையைச் சொறிந்தார். பிறகு ஸ்டூலை மடக்கினார். டேரா அக்கா தாமாக எழுந்ததை அந்த வட்டாரத்தில் முதலில் பார்த்தவன் நான்தான்.

"வா தம்பி, வீட்டுக்குப் போவோம். நீ அவுகளுக்கு போன் போடாத. பேசாம இரு."

நாங்கள் பேசாமல் இருந்தோம். சாவ்லாஜியின் ராக்கெட் தரைக்கு வந்தது. அந்த வாரக் கடைசியில் அவரே எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்து, மாடி ஏறி, சோபாவில் விழுந்து, பழைய விலைக்கும் கீழே ஒரு விலையைச் சொன்னார்.

"அக்கா, விலைய இறக்கிட்டீங்களே!" என்று பிறகு பாராட்டினேன்.

"நான் எங்க இறக்குனேன்? நான் எந்திரிச்சேன், அதுவா எறங்கிட்டு."

ஆனால் கீதா அழைத்து, அண்ணாச்சியோடும் அவர் பேப்பரோடும் மேலே வந்து சாவ்லாஜிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தபோது அக்கா பேசியது வேறு. அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தவர், "கனடா மே பர்ஃப் பஹூத் ஹை பாயி சாப். அந்தக் குளிருக்கு இந்த முட்டு தாங்காது" என்றார். சாவ்லாஜி திடுக்கிட்டு நிமிர்ந்தார். அப்புறம் சிரித்தார். அந்தச் சிரிப்போடு கனடா முடிந்துபோனது. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பதையும், ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வர ஆள் இல்லாததையும் அவராகவே சொன்னார். பேப்பருக்குப் பின்னாலிருந்து, "நான் வாரேன்" என்று ஒரு குரல் வந்தது. அண்ணாச்சி! எனக்குத் தெரிந்து அந்த வருஷம் அவர் பேசிய முதல் வாக்கியம்.

"பழைய விலையவே குடுத்துரு தம்பி. அவுகளும் பாவம்" என்று அக்கா என் காதில் சொன்னார். கீதாவும் தலையாட்டினாள். கொடுத்தோம். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தோம். மெஷின் கீழே, லிஃப்ட் வாசலுக்குப் பக்கத்தில் வர வேண்டும். லிஃப்டுக்காகக் காத்து நிற்கிற கூட்டம் அப்போதுதான் நமக்கு.

அதற்குக் கட்டடக்காரர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். மெஷின் நிற்கும் இடத்துக்கென்று சாவ்லாஜியிடம் இருந்ததெல்லாம் வாய்வார்த்தைதான். கட்டடக்காரருக்கு அதே கட்டடத்தில் கீழே ஒரு ஆபீஸ். நான் போய்க் கேட்டேன். "தேகேங்கே" என்றார். பார்க்கலாம் என்று டெல்லியில் ஒருவர் சொன்னால், பார்க்கவே மாட்டார் என்று அர்த்தம். அடுத்த நாள் அவர் மேஜைக்கு எதிரே ஒரு ஸ்டூல் விழுந்தது. அன்று வந்த வாடகைக்காரர்கள் எல்லோரும் முதலில் அக்காவிடம் தங்கள் குறையைச் சொன்னார்களாம். சாயங்காலத்துக்குள் கடிதம் டைப் ஆகி, முத்திரை குத்தி, என் கைக்கு வந்துவிட்டது.

லிஃப்ட் ஓட ஆரம்பித்தது. மெஷினும் கீழே நன்றாகவே ஓடியது. கோடீஸ்வரன் ஆகவில்லை. ஆனால் மாதம் பிறந்தால் கீதாவின் முகத்தைப் பார்க்கத் தயங்காத அளவுக்கு வந்தது. அந்தத் தைரியத்தில் இன்னொரு கட்டடத்திலும் ஒரு மெஷின் வைத்தேன். செடிகள் பிழைத்தன.

குளிர் குறைந்த ஒரு சாயங்காலம், கீதா கேசரி செய்து கொடுத்தனுப்பினாள். அக்கா வாங்கிக்கொண்டார். பங்கு என்ற பேச்சை எடுத்தேன். முறைத்தார்.

"அப்ப எதுக்கு அக்கா எங்களுக்காக இவ்வளவு நாள் போயி உக்காந்தீங்க?"

கேசரியில் முந்திரியைத் தேடிக்கொண்டே, சர்வ சாதாரணமாகச் சொன்னார்.

"உனக்கு ஒரு தொழில் இருக்கு. கீதாவுக்கு ஆபீஸ் இருக்கு. மக குர்காவ்னுக்குப் போயிட்டா. அண்ணாச்சிக்குப் பேப்பர் போதும். எனக்கும் நாலு மனுசங்க நடுவுல போயி உக்காரணும்லா? சும்மா போயி உக்காந்தா பைத்தியம்னு சொல்லுவாவ. எதையோ வாங்க வந்திருக்கேன்னு உக்காந்தா டீ வாங்கித் தாராவ."

நான் மேலே வந்து கீதாவிடம் சொன்னேன்.

எங்கள் ஃப்ரிட்ஜ் வாங்கி அதிக நாள் ஆகவில்லை, நன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் மறுநாள் காலை கீதா கீழே இறங்கிப் போய், அக்கா வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, ஒரு புது ஃப்ரிட்ஜ் வாங்கலாம்னு நெனைக்கிறோம். கொஞ்சம் வந்து பாத்துச் சொல்றீங்களா?" என்று கேட்டாள்.