எங்கள் கெஸ்ட் ஹவுஸில் புத்தர் படுத்திருந்த சாயங்காலம்

எங்கள் மாவட்டத்தில் ஒரு வீட்டில் நடப்பது நல்லதா கெட்டதா என்று தெருமுனையில் நின்றே சொல்லிவிடலாம். வாசலில் யார் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள், என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். கெட்டது என்று தெரிந்துவிட்டால் யாரும் நின்று விசாரிக்க மாட்டார்கள். ஆண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், பெண்கள் தெருவிலிருந்தே அழுதுகொண்டு போவார்கள். "யாருங்க செத்தது?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அழுவதெல்லாம் மரியாதை கெட்ட வேலை. இந்த மரியாதைதான் என் கல்யாணத்துக்குக் கொள்ளி வைக்கப் பார்த்தது.

அப்போது நான் கிரிவலப் பாதையில் இருக்கும் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு மேனேஜர். (மேனேஜர் என்றால் மோட்டார் போடுவதிலிருந்து குரங்கு விரட்டுவது வரை.) வந்து தங்குகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். அதனாலேயே எனக்குப் பெண் கிடைக்கவில்லை. "ஃபாரின்காரங்களோட பழகற பையன், எப்ப எவளோட பிளேன் ஏறுவானோ" என்று ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கடைசியில் போளூரில் ஒரு குடும்பம் மனம் இறங்கியது. பெண் பெயர் கவிதா. போட்டோவில்தான் பார்த்திருந்தேன். அந்த ஒரு போட்டோவையே பார்த்துப் பார்த்து என் போன் பேட்டரி உப்பிவிட்டது. மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். எப்போது வருவார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போது வைகாசிப் பௌர்ணமி வந்தது. எங்களுக்கு அது கிரிவலக் கூட்டம், தண்ணீர்த் தட்டுப்பாடு. ஆனால் அந்த வாரம் தங்கியிருந்த மூன்று பேருக்கும் அது புத்தருக்கான நாள். மூவரும் பௌத்தர்கள், மூன்று தேசம். காலை இட்லி நேரத்தில் பேச்சு ஆரம்பித்தது.

இலங்கையிலிருந்து வந்த சிங்கள டீச்சர் அம்மா ஓரளவு தமிழ் பேசுவார். "எங்கட ஊரில வெசாக் எண்டா எல்லாரும் வெள்ளைதான் உடுப்போம் தம்பி. வாசல்ல காகிதக் கூடு கட்டி விளக்கு வைப்போம். ரோட்டால போற எல்லாருக்கும் சாப்பாடு குடுப்போம்" என்றார். தாய்லாந்துப் பெண், தங்கள் ஊரில் கையில் மெழுகுவத்தியும் பூவும் ஊதுவத்தியும் ஏந்தி, பேசாமல், மூன்று சுற்றுச் சுற்றுவோம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஜப்பான் பெரியவர் மட்டும் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். அவர்கள் ஊரில் புத்தர் பிறந்தநாள் ஏப்ரலிலேயே முடிந்துவிடுமாம். குழந்தை புத்தர் சிலைக்கு இனிப்பு டீ ஊற்றிக் குளிப்பாட்டுவார்களாம்.

"எங்களுக்கு அவர் பிறந்ததும், ஞானம் அடைஞ்சதும், மறைஞ்சதும் எல்லாம் இந்த ஒரே பௌர்ணமிதான்" என்றார் டீச்சர்.

"ஒரே நாளிலா?" பெரியவர் அதிர்ந்து இட்லியைக் கீழே வைத்துவிட்டார். அவர்கள் ஊரில் பிறப்புக்கு ஒரு நாள், இறப்புக்கு வேறு நாள்.

வாயை மூடிக்கொண்டு சாம்பார் ஊற்றியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஆனால் இணையத்தில் எங்களுக்கு ஐந்து நட்சத்திரம் கிடைக்க வேண்டும் என்கிற வெறி எனக்கு. "மூணு ஊர் வழக்கத்தையும் சாயங்காலம் நம்ம வாசல்லயே சேர்த்துச் செஞ்சிடலாம்" என்று அறிவித்துவிட்டேன்.

தோட்டத்தில் எங்கள் முதலாளி வாங்கிப் போட்ட ஒரு புத்தர் இருந்தார். ஆள் நீளத்துக்கு, ஒருக்களித்துப் படுத்திருக்கும் சிமெண்ட் புத்தர். அவரைத் தூக்கிவந்து வாசலில் பெஞ்சின் மேல் கிடத்தினோம். பெஞ்சு போட அந்த ஒரு வாக்கில்தான் இடம் இருந்தது, தலை தெற்கே வந்தது. எங்கள் ஊரில் சிலை என்று இருந்தால் அதை யாராவது துணி விலக்கித் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. எனவே ரூமில் விரிக்கும் வெள்ளை பெட்ஷீட்டால் அவரைத் தலையோடு கால் மூடினேன். காற்றில் விளக்கு அணைந்ததால் தலைமாட்டில் ஒதுக்கி வைத்தேன். ஒரு ரோஜா மாலையும் போட்டேன்.

எங்கள் சமையல்காரர் காசிம் பாய் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, எனக்கு இது இன்னாவோ மாதிரி இருக்கு."

"இன்னா மாதிரி பாய்?"

"வேணாம், நல்ல நாளும் அதுவுமா என் வாயால எதுக்கு?" என்று உள்ளே போய்விட்டார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பெரியவர் தன் பையிலிருந்து விரல் உயரக் குழந்தை புத்தர் ஒன்றை எடுத்துப் பெரிய புத்தரின் காலடியில் ஒரு தட்டில் வைத்தார். இனிப்பு டீயை வெறும் கெட்டிலில் கொண்டுவந்தால் பக்தியாக இருக்காது என்று புதுப் பானை வாங்கி அதில் ஊற்றினேன். டீச்சர் சொன்னபடி நானும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பானையைத் தோளில் தூக்கியதும் அது ஒழுகியது. சட்டை முழுக்க டீ. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெற்று மார்போடு இடது தோளில் பானையை ஏற்றினேன். அமைதி வேண்டும் என்று தாய்லாந்துப் பெண் கேட்டதால் மத்தியானத்திலிருந்தே போனையெல்லாம் அணைத்தாயிற்று. நான் முன்னால் நடக்க, பானையிலிருந்து டீ என் முதுகில் ஒழுக, பின்னால் மூவரும் வெள்ளை உடையில் மெழுகுவத்தியோடு வர, புத்தரைச் சுற்ற ஆரம்பித்தோம்.

அப்போதுதான் கிரிவலம் வந்த கூட்டத்திலிருந்து கவிதாவின் குடும்பம் எங்கள் சந்துக்குள் திரும்பியது.

கவிதாவின் அம்மா ராஜேஸ்வரி. என்னைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். பிள்ளை பானை தூக்கினால் அப்பன்தான் போயிருக்க வேண்டும். இதில் விசாரிக்க என்ன இருக்கிறது? சந்திலிருந்தே ஆரம்பித்துவிட்டார்.

"ஐயோ சம்மந்தி! மத்தியானம் கூட போன்ல 'வாங்க, மோர் குடிச்சுட்டுப் போலாம்'னீங்களே! மோர் குடுக்கற ஆளு இப்பிடி மூடிக்கினு படுத்துட்டீங்களே!"

வந்த வேகத்தில், வெள்ளைச் சேலையில் நின்ற டீச்சரை வீட்டுப் பெண் என்று நினைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் இளகிய மனசு. இந்தியாவில் புத்தர் மேல் இவ்வளவு பக்தியா என்று அவரும் விசும்பத் தொடங்கினார். கவிதாவின் அப்பா ஜப்பான் பெரியவர் பக்கம் போய், குரலைத் தாழ்த்தி, "எப்ப எடுக்கறாங்க?" என்றார். பெரியவர் இடுப்பை வளைத்து வணங்கினார். இவரும் வணங்கினார். அவர் மறுபடி வணங்கினார்.

நான் பானையோடு அப்படியே நின்றேன். போட்டோவில் பார்த்த முகம் கண் கலங்கி என் எதிரில் நிற்கிறது, நான் அரை நிர்வாணமாய் டீயில் நனைந்து நிற்கிறேன். அந்த நேரம் பார்த்து காசிம் பாய் வெளியே வந்து, ரோட்டில் போகிறவர்களைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார். "சாப்பாடு ரெடி, எல்லாரும் வாங்க! வடை பாயசம் இருக்கு!"

"பாயசமா?" கவிதாவின் அப்பா நெஞ்சில் கை வைத்தார்.

"மாமா, இது பொறந்தநாள் விழாங்க!" என்றேன் பதறிப் போய்.

"யாருக்குப்பா?"

"தோ, படுத்திருக்காரே, அவருக்குத்தாங்க."

"செத்தவருக்கா பொறந்தநாளு?"

"பொறந்ததும் செத்ததும் ஒரே நாளுங்க. ஜப்பான்ல மட்டும் வேற வேற."

அவர் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்பனைப் பறிகொடுத்த அதிர்ச்சியில் பையனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு செய்தது அவர் முகத்தில் தெரிந்தது.

இவர்கள் வருவதை என் அப்பாவிடம் மட்டும் மத்தியானமே போனில் சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சொல்ல அப்பா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், என் போன் உயிரோடு இல்லை. அதனால் மலையைச் சுற்றும் வழியில் எங்கள் வீடு இருக்கும் அடி அண்ணாமலையிலிருந்து, கூட்டத்தை எதிர்த்து நடந்தே, வாழைப்பழமும் மல்லிகைப்பூவும் பையில் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். சந்துக்குள் நுழைந்தவர் வெள்ளைச் சேலையைப் பார்த்தார், மூடிக் கிடந்த உருவத்தைப் பார்த்தார், பெற்ற பிள்ளை தோளில் பானையைப் பார்த்தார். அவரும் மரியாதை தெரிந்தவர். பையைக் கீழே போட்டுவிட்டு, யார் என்று கேட்காமலேயே, வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

டீச்சர் தோளிலிருந்து தலையைத் தூக்கிய ராஜேஸ்வரி அம்மா, செத்துப்போன சம்மந்தி தன் சாவுக்குத் தானே வந்து அழுவதைப் பார்த்தார்.

அந்த அலறல் மலைக்கு அந்தப் பக்கம் கேட்டதாக இன்றைக்கும் காசிம் பாய் சத்தியம் செய்கிறார். என் கையிலிருந்து பானை விழுந்து உடைந்தது. (சடங்குப்படி அது ஒன்றுதான் பாக்கி இருந்தது.) என்ன செய்வதென்று தெரியாமல் பெட்ஷீட்டைப் பிடித்து இழுத்தேன். பெயின்ட் உரிந்த முகத்தோடு புத்தர் சிரித்துக்கொண்டிருந்தார்.

கவிதாதான் முதலில் சிரித்தாள். அவள் அப்பா ஒரு முறை முறைத்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"அழுத வாயோட சம்பந்தம் பேசக் கூடாதுங்க" என்று அவர் எழுந்தார். தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் கிரிவலத்தைத் தொடரக் கூடாது என்று பாதி மலையோடு குடும்பத்தைத் திருப்பிப் போளூர் பஸ் ஏற்றிவிட்டார். எனக்கு அன்று வந்த அழுகையைச் சொல்லி மாளாது. பாயசத்தை ஊரே குடித்தது, எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

ஒரு வாரம் கழித்து ராஜேஸ்வரி அம்மா அப்பாவுக்குப் போன் செய்தார். "சம்மந்தி, உசுரோட இருக்கறவங்களுக்கு ஒப்பாரி வெச்சா ஆயுசு ஜாஸ்தின்னுவாங்க. அது போவட்டும். அன்னிக்கு நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சதுமே, இந்தப் புள்ளைக்கு இனிமே நாமதான்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். இப்ப நீங்க உசுரோட இருக்கீங்கன்றதுக்காக அதை மாத்திக்க முடியுமா?" அப்பா போனை வைத்ததும் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்தார். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

கல்யாணம் ஆகிச் சில வருஷங்கள் ஆகின்றன. என் மாமியார் மட்டும் மாறிவிட்டார். போன மாதம் போளூரில் கவிதாவுக்கு ஒரு தூரத்துப் பெரியப்பா தவறிவிட்டார். வந்த பெண்களெல்லாம் தெருவிலிருந்தே அழுதுகொண்டு போனார்கள். மாமியார் ஒரு சத்தமும் இல்லாமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். முகத்துணியை நீக்கினார். குனிந்து நன்றாகப் பார்த்தார். ஒரு விரலால் கன்னத்தைக் கூடத் தட்டிப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "மனுஷன்தான்" என்று சொல்லிவிட்டு, "ஐயோ மாமா!" என்று எடுத்தார் பாருங்கள். கவிதா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். நான் துக்கம் தாங்காதவன் போலத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வேகமாகத் தெருவுக்கு ஓடிவிட்டேன்.